படபடப்பின் மொழி: சாந்தன்பாறைத் தோட்டத் தொழிலாளரின் பதற்ற நோயும் அதைக் கேட்கத் தவறும் மருத்துவமும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைகிறது. பூப்பாறையில் அதை விட்டுத் தெற்கே திரும்பினால் சாந்தன்பாறை. அதே சாலைதான் உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளிக்குப் போகிறது. ஒரு பக்கம் மதிகெட்டான் சோலை, மற்றப் பக்கங்களில் ஏலத்தோட்டமும் தேயிலைத் தோட்டமும். விடியும் முன்பே தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இந்த மலைக்கு ஏறுகின்றன. பொழுது சாய்கையில் இறங்குகின்றன. தோட்டத்து லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளிலேயே தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வேறு. இவர்களோடு முதுவர், மன்னான் பழங்குடியினரும், 1950கள் தொட்டுக் குடியேறிய மலையாளி விவசாயிகளும், அண்மையில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் வாழும் மலை இது.

இந்த மலையில் மருந்தகத்துக்கு வரும் தமிழ்ப் பெண் எவரும் தனக்குப் பதற்றக் கோளாறு என்று சொல்லி வருவதில்லை. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, தலை கிறுகிறுங்குது, கை காலெல்லாம் வெடவெடங்குது, ராத்திரி கண்ணு மூட முடியல என்றுதான் சொல்வார். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வாயுவுக்கு ஒரு மாத்திரை, சத்துக்கு ஒரு மாத்திரை, சில நேரம் ஒரு ஊசி. நெஞ்சுவலி என்று அழுத்திச் சொன்னால் இ.சி.ஜி. எடுப்பார்கள். படம் சரியாக இருந்தால் தீர்ப்பு வரும்: 'ஒண்ணும் இல்லை, டென்ஷன்தான்.'

இக்கட்டுரை அந்த 'ஒண்ணும் இல்லை'யை மறுக்கிறது. அதே அழுத்தத்தோடு அதன் எதிர்ப்பிழையையும் மறுக்கிறது. தோட்டத்து மக்களிடம் ஒரு வினாப்பட்டியலை நீட்டி, அவர்களுடைய பயம் முழுவதையும் நோய்க் கணக்கில் எழுதிக்கொள்ளும் போக்கு அது. மலையின் பயத்தில் பெரும்பகுதி நியாயமான பயம். அதை நோய் என்பது பிழை. அந்தப் பயத்தின் மறைவில் நிற்கும் நோயை வெறும் பயம் என்று தள்ளிவிடுவது அதனினும் பெரிய பிழை. இரண்டையும் பிரித்தறியும் திறன் மருந்தகத்துக்கு வர வேண்டுமானால், நோயாளியின் மொழியும் வேலைநேரமும் மருத்துவ அறிவின் பகுதியாக எண்ணப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

எண்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் கேரளமும் தமிழ்நாடும் இருந்தன. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் முதலான பொதுவான மனக்கோளாறு உடையோரில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தனர். 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, 2017ஆம் ஆண்டில் இந்தியாவில் 4.49 கோடிப் பேருக்குப் பதற்றக் கோளாறுகள் இருந்ததாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது கூடுதல். உலக அளவிலும் பதற்றக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே சிகிச்சை கிடைப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவை பெரும்பாலும் வீடு வீடாகச் சென்று எடுக்கும் கணக்கிலிருந்து பிறப்பவை. விடியுமுன் வீட்டை விட்டு, இருட்டிய பின் திரும்பும் ஏலத்தோட்டத்துக் கூலிப்பெண் கணக்கெடுப்பவரின் கண்ணில் எளிதில் படமாட்டார். அவர் வாக்காளராக இருப்பது ஒரு மாநிலத்தில், நாளின் பெரும்பகுதி நெஞ்சு படபடத்துக் கிடப்பது வேறு மாநிலத்தில்.

யானையும் எச்சரிக்கை விளக்கும்

சாந்தன்பாறை, சின்னக்கானல் பகுதியின் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு. அரிசியைத் தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் அந்தக் காட்டுயானைக்கு மக்கள் 'அரிக்கொம்பன்' என்று பெயர் வைத்தார்கள். பன்னியாறு தோட்டத்து ரேஷன் கடையை அது திரும்பத் திரும்ப உடைத்தது. 2023 ஜனவரியில், யானைகளின் போக்கை நன்கறிந்த வனக் காவலர் ஒருவர் அதே தோட்டத்தில் யானை தாக்கி இறந்தார். யானையை அறிந்தவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர் நிலை என்ன என்ற கேள்வி அந்த மலையில் தானாக எழுந்தது. சின்னக்கானல் '301 காலனி'யில், 2000களின் தொடக்கத்தில் அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஆதிவாசிக் குடும்பங்களில் பல, யானைக்கு அஞ்சி வீட்டைப் போட்டுவிட்டு வெளியேறின. யானை நடக்கும் வழியில் மக்களைக் குடியேற்றியது யார் தவறு என்பது வேறு விவாதம். இங்கே நாம் பார்க்க வேண்டியது அந்த மக்களின் இரவுகளை.

ஏலத்தோட்டத்தின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்வது. காயோ தரையை ஒட்டிய சரத்தில் இருப்பது. காய் எடுப்பவர் குனிந்தே இருக்கிறார். நிமிர்ந்தாலும் பத்தடிக்கு அப்பால் நிற்பது மனிதரா விலங்கா என்று தெரியாது. காதையே கண்ணாக்கிக்கொண்டு எட்டு மணிநேரம் வேலை செய்கிற உடம்பு அது. கிளை முறியும் ஓசைக்குத் திடுக்கிட்டு எழுவது அங்கே பிழைத்திருக்கும் வழி.

பதற்றத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஏழு கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. ஸ்பிட்சர் முதலானோர் 2006இல் வெளியிட்ட ஜி.ஏ.டி.–7. மொத்தம் 21 மதிப்பெண். 10ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதன் கடைசிக் கேள்வி, ஏதோ கொடியது நடக்கப்போகிறது என்ற பயம் கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள் வந்தது என்பது. சென்னை அடையாறில் ஒருவர் 'அநேகமாகத் தினமும்' என்று சொன்னால் மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். பன்னியாற்றில் ஒருவர் 'ஒருநாளும் இல்லை' என்று சொன்னால்தான் நான் கவலைப்படுவேன். கருவி கெட்டது என்று சொல்ல வரவில்லை; தொடக்கச் சல்லடையாக அது பயன்படும். ஆனால் கேள்விகள் ஏழும் பயத்தின் அளவைக் கேட்கின்றன, பயத்துக்குக் காரணம் வாசலில் நிற்கிறதா என்று ஒன்றும் கேட்பதில்லை.

நோயைப் பிரித்தறிய வேறு கேள்வி வேண்டும். பயம் இடத்தோடு நின்றுவிடுகிறதா, கூடவே இறங்கி வருகிறதா? மலையை விட்டிறங்கி, கம்பத்தில் அக்கா வீட்டில், கதவடைத்த அறையில், பிள்ளைகள் பக்கத்தில் தூங்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? காரணமே இல்லாமல் திடீரென்று எழுந்து சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, செத்துப்போய்விடுவேன் என்ற எண்ணத்தைத் தருகிறதா? மாதக்கணக்கில் நீடிக்கிறதா? கோயில், கல்யாணம், பேருந்துப் பயணம் என்று ஒவ்வொன்றாக விடச் செய்கிறதா? 'ஆமாம்' என்றால் அது யானையின் வேலை மட்டுமில்லை.

2023இன் நிகழ்ச்சிகள் இந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்கின. ஏப்ரல் தொடக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் அரிக்கொம்பனைப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குக் கொண்டுபோக ஒப்புதல் தந்தது. அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அதே யானை கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. தமிழக வனத்துறை ஜூன் 5இல் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சாந்தன்பாறைக்கு ஜீப் ஏறும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். வேலை செய்யும் மலையில் பயமுறுத்திய அதே யானை, பயமில்லாத இடம் என்று அவர் இரவு திரும்பிய ஊரிலும் வந்து நின்றது. ஓரிடமாவது பத்திரம் என்று உடம்பு நம்பியிருந்ததே, அந்த நம்பிக்கை போனது.

அந்த நம்பிக்கையின் மதிப்பை உளவியல் அறியும். மார்ட்டின் செலிக்மன் 1960களின் இறுதியில் முன்வைத்த 'பாதுகாப்புக் குறி' என்ற கருத்து, அச்சுறுத்தல் எப்போது வரும் என்று முன்னறிவிக்கும் குறி ஒன்று இருந்தால், அந்தக் குறி தென்படாத நேரமெல்லாம் உயிர் அமைதி கொள்ளும் என்கிறது. குறியே இல்லாவிட்டால் எந்த நேரமும் அபாய நேரம்தான். பதற்றத்துக்குத் தீனி போடுவதில் ஆபத்தின் அளவுக்குச் சற்றும் குறையாத பங்கு, அது எப்போது வரும் என்று தெரியாமைக்கும் உண்டு. இதை வால்பாறை நடைமுறையில் காட்டியது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்ற செய்தியைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும், தோட்டச் சந்திகளில் எரியும் சிவப்பு விளக்காகவும் மக்களிடம் கொண்டுபோனார்கள். யானை தாக்கி இறப்போர் எண்ணிக்கை குறைந்தது. அந்த விளக்கை வனவிலங்கு மேலாண்மைக் கருவி என்று மட்டும் பார்க்கிறோம். விளக்கு எரியாத இரவில் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதால், அதை மனநலக் கருவியாகவும் நான் கணக்கில் எடுப்பேன். சாந்தன்பாறையில் மனநலத் திட்டம் வகுப்பவர், முதல் ரூபாயை மருந்துக்குச் செலவிடும் முன் வனத்துறையோடு உட்கார்ந்து பேசுவது நல்லது.

யானை ஒன்றே பயமில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றுக்கு அப்பால் நயமக்காடு தோட்டத்தின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய குழந்தைகளும். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. 2024 ஜூலை 30இல் வயநாட்டிலும் தோட்டத்து மக்கள்மீதுதான் மலை இறங்கியது. அதற்குப் பிறகு இரவு மழை எந்த லயத்துக்கும் வெறும் மழையாக இல்லை. லயம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வுபெற்றால் வீட்டையும் விட வேண்டும். பிள்ளை ஒன்று அதே தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் கூரை நிலைக்கும். படித்து வெளியேற நினைக்கும் மகளின் கனவும் தாயின் தலைக்கு மேலுள்ள கூரையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வட்டிக்கடனும் குழுக்கடன் தவணையும், ஏலக்காயின் விலையோடு ஏறி இறங்கும் வேலைநாட்களும் அதன்மேல். 2019இல் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போன காய், ஓரிரு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2024 கோடை வறட்சியில் செடியே கருகியது. விலை சரிந்தால் முதலாளிக்கு நட்டம், கூலிக்காரருக்குப் பட்டினி.

பேடி, விஷமம், சங்கடம்

மருந்தகத்தில் நடக்கும் பேச்சுக்கு வருவோம். மலையாளமும் தமிழும் உறவு மொழிகள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும் என்று எல்லோரும் சொல்கிறோம். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் அது உண்மை. மனத்தின் நோவுக்கு வரும்போது அந்த உறவே வழி தவறச் செய்கிறது. மலையாளத்தில் 'பேடி' என்றால் பயம். தமிழில் அது கோழையைத் திட்டும் சொல். மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம், தமிழில் குறும்பு. மலையாளத்தில் 'சங்கடம்' என்றால் துக்கம். தமிழில் தர்மசங்கடம், கூச்சம். அன்போடு கேட்கும் மருத்துவர், 'விஷமம் உண்டோ?' என்று கேட்டால், தேவாரத்திலிருந்தோ கோம்பையிலிருந்தோ அன்று காலை ஏறி வந்த பெண் எந்த விஷமத்தைச் சொல்வார்? லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த வேறுபாட்டை அறிவார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். அன்றாடம் எல்லை தாண்டும் கூலிப்பெண்களுக்கு அந்த வாய்ப்பில்லை. அறிந்தவர்களும்கூட, நெஞ்சில் இருப்பதைச் சொல்லும்போது தாய் சொல்லித் தந்த சொல்லுக்குத்தான் போவார்கள்.

அந்தச் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. பக்குனு இருக்கு, திடுக்குனு இருக்கு, வயித்தைக் கலக்குது, ஈரக்கொலை நடுங்குது, ஒரே யோசனையா ஓடுது. குழந்தைக்கு வந்தால் பயந்த கோளாறு; திருநீறு போட்டுக் கயிறு கட்டுவார்கள். இவற்றை அறியாமையின் சொற்கள் என்று கருதும் மருத்துவர் உண்டு. உற்றுப் பார்த்தால் பதற்றத்தின் உடற்கூறு முழுவதும் இதில் இருக்கிறது: இதயத் துடிப்பு, குடலின் கலக்கம், நடுக்கம், நிற்காத எண்ண ஓட்டம். கயிறு கட்டும் பூசாரியோடு சண்டைக்கு நிற்பது மருத்துவத்துக்கு எந்தப் பயனையும் தராது. பூசாரியிடம் பயத்தைப் பயம் என்ற பெயரிலேயே சொல்ல முடிகிறது. மருந்தகத்திலும் அப்படிச் சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வகையில் ஈழத்தின் முன்மாதிரி நமக்கு உண்டு. தமிழகத்து மனநல எழுத்து 'பதற்றக் கோளாறு' என்று வைத்துக்கொண்ட இடத்தில், யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் மக்கள் வாயில் இருந்த 'பதகளிப்பு' என்பதையே கலைச்சொல்லாக்கினார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய தயா சோமசுந்தரம், அங்கே துயரம் உடம்பின் வழியாகவே பேசுவதைத் தொடர்ந்து எழுதினார். பெருமூச்சுகூட அவருக்கு ஒரு நோய்க்குறிப்பு. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டாவின் குழு, 'மிதமிஞ்சிய யோசனை' என்று பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லை நோயின் பெயராக ஏற்று, ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி தந்து, மருந்தக வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்காரவைத்தது. 2016இல் வெளியான சோதனை முடிவு, அந்த உரையாடல் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைத்ததைக் காட்டியது. 'ஒரே யோசனையா ஓடுது' என்று நம் தோட்டத்துப் பெண் சொல்வதும் அந்தச் சொல்லும் வேறல்ல.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் நோயாளி தமக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையைத் தந்திருக்கிறது. மனநலச் சிகிச்சை எட்டும் தொலைவில் கிடைப்பதும் அதே சட்டத்தின் உரிமை. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தோட்டப் பகுதியில் தமிழ் பேசும் ஆலோசகரைக் கேட்பது சலுகைக் கோரிக்கை ஆகாது.

மொழியோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று இழிவு. ஜெயசீலன் ராஜ், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தலித் தொழிலாளர் வாழ்வை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட நூல், தோட்டம் நலிந்தபோது அந்த மக்கள் வெளியுலகில் எதிர்கொண்ட இழிவை விரிவாகப் பதிவு செய்கிறது. தமிழரைக் குறிக்கும் 'பாண்டி' என்ற அழைப்பு அந்த மலைகளில் வெறும் ஊர்ப்பெயர் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது, ஏலமலையிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் உயிருக்கு அஞ்சித் தேனிப் பக்கம் இறங்கினார்கள். பிறகு அமைதி திரும்பியது, அவர்களும் மலைக்குத் திரும்பினார்கள். ஆனால் எப்போது வேண்டுமானாலும் இங்கிருந்து ஓட வேண்டியிருக்கும் என்ற பாடம் உடம்பில் தங்கும். அப்படிப்பட்டவர் அரசு மருந்தகத்து மேசைமுன் நின்று மனத்தைத் திறப்பார் என்று எதிர்பார்ப்பது எளிதன்று.

அதற்காக அவர்களைப் பேசத் தெரியாதவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாற்றில் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்ட பெண்கள், 20 சதவீதப் போனசுக்காகச் சாலையில் அமர்ந்து, கம்பெனியையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருசேரக் கேள்வி கேட்டார்கள். தொலைக்காட்சிக் கருவிகள்முன் தங்கள் தமிழில், தங்கள் வயிற்றையும் முதுகையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றி நாடே கேட்கும்படி பேசினார்கள். அதே பெண்கள் மருந்தகத்தில் 'நெஞ்சு படபடங்குது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றால், குறை அவர்கள் நாவில் இல்லை, அங்கே கேட்கும் காதில் இருக்கிறது.

உடம்பை விட்டுவிடலாகாது

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. படபடப்பு எல்லாமே பதற்றம் என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. இரத்தசோகை நம் கூலிப்பெண்களிடம் பரவலாக உண்டு. அதுவும் நெஞ்சு படபடக்க, மூச்சு வாங்க, தலை சுற்றச் செய்யும். தைராய்டு மிகைச் சுரப்பும் அப்படியே. ஏலத்தோட்டத்துக்கே உரிய மூன்றாவது காரணமும் உண்டு. இந்தியாவில் பூச்சிக்கொல்லி மிக அதிகமாகத் தெளிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. அவற்றில் ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் முக்கியமானவை. அவை நரம்புகளுக்கு இடையில் செய்தியைக் கடத்தும் பொருளை முறிக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியைத் தடுப்பவை. வியர்வை, நடுக்கம், அமைதியின்மை, தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் அந்த நஞ்சின் அறிகுறிகள். தோட்டத்தில் இதற்குப் பெயர் 'மருந்தடிக்கிறது'. ஒரே சொல் நோயையும் தருகிறது, நோயைத் தீர்ப்பதாகவும் சொல்கிறது. 'போன வாரம் உங்க தோட்டத்துல மருந்தடிச்சாங்களா?' என்ற கேள்வியைக் கேட்காமல் சாந்தன்பாறையில் எவருக்கும் பதற்றக் கோளாறு என்று எழுதக் கூடாது. கேட்பதற்கு அரை நிமிடம் போதும். இரத்தசோகைக்கு விரல் நுனி இரத்தம் போதும். இவற்றைப் பார்த்து விலக்கிய பிறகு சொல்லப்படும் 'இது பதற்ற நோய்' என்ற சொல்லுக்குத்தான் எடை இருக்கும். நோயாளியும் அதை நம்புவார்.

ஜீப்பின் கடிகாரம்

நோய் இன்னதென்று தெரிந்த பின்னும் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் முதலான மருந்துகள் பலன் தர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் வயிற்றுப் புரட்டலும் சிலருக்குப் படபடப்பின் ஏற்றமும் வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அடுத்த வாரமே மாத்திரை லயத்துக் கூரை இடுக்கில் செருகப்பட்டுவிடும். உடனே பலன் தருவது ஆல்பிரசோலம், டயசிபாம் வகை. அதனால்தான் அவசர மருத்துவமும் மருந்துக்கடையும் அதை நாடுகின்றன. தொடர்ந்து எடுத்தால் அது இல்லாமல் தூங்க முடியாத நிலை வரும், பகலில் தடுமாற்றமும் வரும். சரிவில் ஏறி இறங்கி வேலை செய்பவருக்குத் தடுமாற்றம் உயிராபத்து. ஆகவே சரியான சிகிச்சை என்பது மீண்டும் மீண்டும் பார்ப்பது, பேசுவது. அதற்குத் தேவைப்படும் நேரம்தான் இவர்களிடம் இல்லாதது.

நம் ஏற்பாடுகள் குறைவில்லை. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று தேனியிலும் இடுக்கியிலும் இயங்குகிறது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய 'ஆர்த்ரம்' திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக்கி, மாலை வரை மருத்துவர் இருக்கும்படி செய்தது. மனச்சோர்வைக் கண்டறிய 'ஆஸ்வாசம்' என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. தோட்ட முதலாளிமீதும் பொறுப்பு உண்டு: 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதியை அவர் தர வேண்டியதாக்கியது.

இவற்றுக்கு இடையில்தான் நம் பெண் விழுகிறார். ஐந்து ஹெக்டேருக்கோ பதினைந்து தொழிலாளருக்கோ குறைந்த தோட்டத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. ஏலமலையில் சிறு தோட்டங்களே ஏராளம். மாலை வரை திறந்திருக்கும் மையம் மலையில் இருக்கிறது, ஆனால் வேலை முடிந்ததும் ஜீப் யாருக்காகவும் காத்திருக்காது. ஊரில் வெளிநோயாளர் பிரிவு நடக்கும் காலையில் அவர் மலையில் இருக்கிறார். மாத்திரையோடு வாசலுக்கு வரும் ஊழியர் பூட்டிய கதவைப் பார்க்கிறார். 14416க்குப் பேசலாம்தான், பல தோட்டங்களில் அலைபேசிக்குச் சிக்னல் வருவதில்லை. வரும் லயத்திலோ ஒற்றை அறை. கணவர், மாமியார், பிள்ளைகள் கேட்க எதைப் பேசுவது? சிகிச்சைக்கென்று ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். மாதம் ஒருமுறை வரும் மனநல முகாமுக்கு ஆறு மாதம் வந்தால் ஆறு நாள் கூலி. மருந்து இலவசம் என்று சொல்லும்போது இந்தக் கூலியை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மனநல மருத்துவர்கள் வந்து குவிந்தால் இது தீரும் என்ற எண்ணத்தை விட வேண்டும். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட 'மானஸ்' சோதனை வேறு வழியைக் காட்டியது. மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்களை ஆலோசகர்களாகப் பயிற்றி, பொது மருத்துவரோடு சேர்த்து இயங்கவைத்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறாவது மாதத்தில் 65.9 சதவீத நோயாளிகள் குணமடைந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்த நிலையங்களில் 42.5 சதவீதம். தனியார் மருத்துவரிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதும் சிந்திக்கத் தக்கது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை, தம் மக்களிலிருந்தே செவிலியரையும் ஊர்ப் பணியாளரையும் உருவாக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. சாந்தன்பாறையில் ஆஷா ஊழியர்கள் இருக்கிறார்கள், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் இருக்கின்றன, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்து, தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசும் லயத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களில் பத்துப் பேரைத் தேர்ந்து, உடம்பின் சொல்லில் வரும் பதற்றத்தைக் கேட்கவும், இரத்தசோகைக்கும் மருந்தடிப்புக்கும் கேள்வி கேட்கவும், மாத்திரையின் முதல் இரு வாரத்தைத் தாண்டவைக்கவும் பயிற்றலாம். அவர்களுடைய பணியிடம் மருந்தகத்துக்குள் இருக்க வேண்டியதில்லை. பூப்பாறையில் ஜீப் நிற்கும் இடமும், மதியக் கஞ்சி நேரத்துத் தோட்டமும், ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றமும் போதும்.

ஒரு சிறு சீட்டும் வேண்டும். சாந்தன்பாறையில் தொடங்கிய மாத்திரையைக் கம்பத்திலோ போடியிலோ எந்த அரசு மருத்துவமனையிலும் கேள்வியின்றித் தொடரும்படி, இரு மாநில மருத்துவர்களும் ஏற்கும் ஒரு நோய்க்குறிப்புச் சீட்டு. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, புதிய கட்டடமும் தேவையில்லை. தேனி மாவட்ட மனநலக் குழுவும் இடுக்கி மாவட்ட மனநலக் குழுவும், இரு மாவட்ட வனத்துறையினரையும் தோட்டத் தொழிலாளர் சங்கங்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு நாள் போடிமெட்டில் கூடி உட்கார்ந்தால் போதும். அடுத்த தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும் என்று இரு குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன்.